மைதா வேண்டாத அச்சு முறுக்கு

அச்சு முறுக்கு அரிசிப் பலகாரம். பச்சரிசி, தேங்காய்ப் பால், முட்டை, சீனி, கொஞ்சம் எள், அவ்வளவுதான் அதன் பழைய கணக்கு. ஆனால் இப்போது கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் மைதாவும் எழுதியிருக்கிறது. வீட்டில் செய்கிறவர்களும் "ரெண்டு கரண்டி மைதா போட்டாத்தான் அச்சுல புடிக்கும்" என்கிறார்கள். என் அக்கா மகளுக்குச் சீலியாக், அதாவது கோதுமை ஆகாத நோய், என்று தெரிந்த வருஷம், கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த தட்டை அவள் கைக்கு எட்டாமல் மேலே எடுத்து வைத்தோம். அந்தத் தட்டில் அச்சு முறுக்குதான் அதிகம். அன்று ராத்திரி எங்கள் ஆச்சியிடம் இதைச் சொன்னபோது அவளுக்குப் புரியவே இல்லை. "மைதாவா? அது எதுக்குட்டி அதுல? அரிசி நல்லா ஊறியிருந்தா அச்சு தானா விட்டுரும்."

இந்த அத்தியாயம் ஆச்சி சொன்ன அந்த ஒரு வரியின் விரிவு. முதலில் அச்சு முறுக்கு. அதே மாவில் இத்தாலிக்காரர்களின் பிட்செல்லே பிறகு.

கோதுமை ஒதுக்க வேண்டியவருக்கு எங்கள் பக்கம் கொஞ்சம் கஷ்டமான ஊர்தான். திருநெல்வேலி அல்வா சம்பா கோதுமைப் பாலில் கிண்டுவது. முதலூர் மஸ்கோத் அல்வாவில் தேங்காய்ப் பாலோடு மைதாப் பால் சேரும். பரோட்டாவைச் சொல்லவே வேண்டாம். முந்திரிக்கொத்தின் உள்ளே பாசிப்பயறும் வெல்லமும்தான், ஆனால் முக்கியெடுக்கும் மேல்மாவில் அரிசி போய் மைதா வந்துவிட்ட வீடுகள் பல. தூத்துக்குடி மக்ரூன் முந்திரி, முட்டை வெள்ளை, சீனி மட்டும் சேர்ந்தது. பொருளில் குற்றமில்லை. ஆனால் அதே அறையில் பன்னும் பிஸ்கட்டும் போடுகிற பேக்கரியில் மைதாத் தூசி காற்றிலேயே இருக்கும். அதனால்தான் வீட்டில் செய்யச் சொல்கிறேன்.

சீலியாக் உள்ளவருக்குக் கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகாது. அதைச் சாப்பிட்டால் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கிச் சேதப்படுத்தும். இதைக் கண்டுபிடிக்க உதவியது ஒரு பஞ்சம். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டியே கிடைக்காமல் போனது. வில்லெம் டிக்கெ என்ற குழந்தை மருத்துவருக்குக் கோதுமை மேல் முன்பே சந்தேகம் இருந்தது. ரொட்டி இல்லாத நாளில் தேறிய தன் நோயாளிக் குழந்தைகள், ரொட்டி திரும்பியதும் மறுபடி நலிவதைப் பார்த்து அவர் அதை உறுதி செய்துகொண்டார். கோதுமை தின்னும் வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் இந்த நோய் குறைவு. குறைவு என்பதாலேயே நம் வீடுகளில் இதைப் பற்றிய பேச்சும் குறைவு. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் ரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் நோய் இல்லாததுபோல் காட்டிவிடலாம். மருத்துவரைப் பார்த்தபின் நிறுத்துங்கள்.

எவ்வளவு கோதுமை அதிகம்? கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டனுக்கு மேல் இருந்தால் ஒரு பொருளை "குளூட்டன் இல்லாதது" என்று விற்கக்கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பல நாடுகளிலும் இதே அளவுதான். இதைச் சமையலறைக் கணக்கில் பாருங்கள். அரை கிராம் மைதாவில், அதாவது இரண்டு விரலால் கிள்ளி எடுக்கும் ஒரு சிட்டிகையில், ஏறக்குறைய 40 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். ஒரு கிலோ அரிசி மாவில் அந்தச் சிட்டிகை விழுந்தால் எல்லை தாண்டியாயிற்று. "கொஞ்சம்தானே" என்ற சொல்லுக்கு இந்தப் பலகாரத்தில் இடமில்லாதது இதனால்தான்.

மாவு

கடை மாவு வேண்டாம். மாவு மில்லும் வேண்டாம். மில்லில் முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருப்பார், அவர் மாவு கல்லிலும் குழாயிலும் ஒட்டியிருக்கும். "எங்களுக்கு முதல்ல அரைச்சுக் குடுங்க" என்று காலையிலேயே போய் நின்றாலும் நேற்றைய தூசி அங்கேதான் இருக்கிறது. வீட்டு மிக்ஸி போதும்.

அரை கிலோ பச்சரிசியை நான்கு முறை கழுவி, இரண்டு மணி நேரம் ஊற வையுங்கள். கடைசிக் கழுநீரை ஒரு பாத்திரத்தில் எடுத்து வையுங்கள், புது அச்சைப் பழக்க அது வேண்டும். ஊறிய அரிசியை வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் விரியுங்கள். எங்கள் திருச்செந்தூரில் மாடியில் காய வைத்தால் கடல்காற்று மணலையும் சேர்த்துக் கொண்டுவரும். வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே விரிப்பதே நல்லது. அரை மணி, முக்கால் மணி ஆகும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் ஒட்டி நிற்க வேண்டும், கை ஈரமாகக் கூடாது. அதுதான் பதம். கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலித்து, கப்பியை மறுபடி அரைத்துச் சலியுங்கள்.

இங்கே சல்லடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மிக்ஸி ஜாரைத் தேய்த்துக் கழுவலாம். கோதுமை மாவு சலித்த சல்லடையின் கண்ணிலும் விளிம்பு மடிப்பிலும் ஒட்டிய மாவை எந்தத் தண்ணீரும் முழுக்க எடுக்காது. புதிதாக ஒன்று வாங்கி, கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டித் தனியாக மாட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் சிவப்பு நூல் கட்டியது எல்லாம் அக்கா மகளுடையது: சல்லடை, மரக்கரண்டி, அச்சு. வேலைக்காரம்மாவுக்கும் விருந்துக்கு வந்தவருக்கும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. அன்றைக்கு அடுப்படியில் சப்பாத்தி தேய்க்க வேண்டாம். பறந்த மாவு அடங்க நேரமாகும்.

ஈர மாவுக்காக ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். குளூட்டன் இல்லாத மாவில் இழுத்துப் பிடிக்கும் வலை கிடையாது. அரிசியின் மாப்பொருளும் முட்டையும்தான் பிடிப்பு. ஊறிய அரிசி பட்டுப்போல் அரைபடும், சூட்டில் சட்டென்று வெந்து ஒட்டும். காய்ந்த கடை மாவில் நொய் நிற்கும், பாலைக் குடித்துக்கொண்டே இருக்கும், கரைசல் கனத்துவிடும். அப்போதுதான் "புடிக்க மாட்டேங்குது" என்று மைதா டப்பாவைத் திறக்கிறார்கள்.

அச்சு

பழைய அச்சு பித்தளையிலோ வெண்கலத்திலோ இருக்கும், தூக்கினால் கனம் தெரியும். அந்தக் கனம்தான் சூட்டைத் தக்க வைக்கிறது. இப்போது திருநெல்வேலி டவுன் பாத்திரக் கடைகளில் அலுமினிய அச்சுகளே அதிகம். அவையும் வேலை செய்யும், ஒவ்வொரு முறையும் எண்ணெயில் கொஞ்சம் கூடுதலாகச் சூடேற்ற வேண்டும். யாரிடமாவது பழைய அச்சு இரவல் வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். இதழ் மூலைகளில் மைதா கருகிக் கெட்டியாகப் படிந்திருக்கும். பாட்டி வைத்துவிட்டுப் போன அச்சு என்றால் விட மனம் வராது. அப்படியானால் சோடா உப்பு போட்டுக் கொதிக்க வைத்து, பல் தேய்க்கும் பிரஷால் மூலை மூலையாகத் தேய்த்து, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை விடாதீர்கள்.

புது அச்சைக் கழுநீரில் ஒரு ராத்திரி போட்டு, மறுநாள் துடைத்து, எண்ணெயில் ஒரு நாள் முழுக்க ஊற வையுங்கள். அப்படியும் முதல் மூன்று முறுக்கு பிய்ந்துதான் வரும். மூன்று முறுக்குக்கான மாவை முதலிலேயே கணக்கில் கழித்துவிடுங்கள்.

இந்த அச்சுக்கு உறவினர்கள் பலர். கேரளத்தில் அச்சப்பம், ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் ரோஸ் குக்கி. இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குக் கொக்கிஸ் இல்லாத வீடு அரிது. அதுவும் அரிசி மாவும் தேங்காய்ப் பாலும்தான், பெயர் மட்டும் டச்சு மொழியில் சிறு பிஸ்கட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நம் கரைக்கும் டச்சுக்காரர்கள் வந்தார்கள், 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். ஸ்காண்டிநேவியாவில் இதேபோன்ற இரும்புப் பூவை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கிறார்கள், அங்கே அது கோதுமை மாவு. பூ ஒன்றுதான், மாவை அந்தந்த ஊர் தந்திருக்கிறது. எங்கள் ஊர் தந்தது அரிசி.

கரைசல்

அரை கிலோ அரிசியின் மாவுக்கு ஒரு பெரிய தேங்காய், இரண்டு முட்டை, 150 கிராம் சீனி, ஒரு தேக்கரண்டி கறுப்பு எள், கால் தேக்கரண்டி உப்பு. தேங்காயைத் துருவி, தண்ணீர் அதிகம் விடாமல் ஒரு டம்ளர் கெட்டிப் பால் எடுங்கள். இரண்டாம் பாலைத் தனியே வையுங்கள். சீனியையும் முட்டையையும் அடித்துக் கரைத்து, கெட்டிப் பாலும் உப்பும் சேர்த்து, பிறகு மாவைப் போட்டுக் கட்டியில்லாமல் கலக்குங்கள். இரண்டாம் பாலைக் கரண்டி கரண்டியாக விட்டுத் தளர்த்துங்கள். தோசை மாவைவிட ஒரு மயிரிழை கெட்டி. கரண்டியின் முதுகில் தடவி விரலால் ஒரு கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அரை மணி நேரம் மூடி வைத்து, எள்ளைக் கடைசியில் சேருங்கள். எள் கூடினால் இதழ் உடையும்.

சீனியின் அளவில் கை தாராளம் காட்டாதீர்கள். சீனி ஏற ஏற முறுக்கு வேகும் முன்னே சிவக்கும், அச்சிலும் ஒட்டும். பக்கத்தில் உடன்குடி இருப்பதால் கருப்பட்டி போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். புவிசார் குறியீடு வாங்கிய கருப்பட்டி, எனக்கும் ஆசைதான். மூன்று முறை போட்டுப் பார்த்தேன், மூன்று முறையும் கருகியது. அதைப் பிட்செல்லேவுக்கு வைத்துக்கொள்வோம்.

பொரிப்பது

எண்ணெய் புதியதாக இருக்கட்டும். பூரியும் மைதா முறுக்கும் பொரித்த எண்ணெயில் அவற்றின் துகள் கிடக்கும். எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெயும் நன்றாக வரும். வாணலி ஆழமாக, அச்சு முழுதும் மூழ்கும்படி எண்ணெய் விடுங்கள். ஒரு சொட்டு மாவு விட்டால் அடியில் போய் உடனே நுரையோடு மேலே வர வேண்டும். அது ஏறக்குறைய 170, 180 டிகிரி.

அச்சை அந்த எண்ணெயிலேயே ஐந்து நிமிடம் வையுங்கள். எடுத்து எண்ணெயை உதறி, மாவில் முக்கால் உயரத்துக்கு மட்டும் தோயுங்கள். 'சுர்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் இல்லையென்றால் அச்சு ஆறிவிட்டது, மாவு பிடிக்காது. படபடவென்று சத்தமாகக் கொதித்து மாவு வழுக்கி விழுந்தால் சூடு அதிகம். முக்கால் உயரம் என்பதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாவு அச்சின் மேல்விளிம்பைத் தாண்டி மூடிவிட்டால் முறுக்கு அச்சைக் கட்டிக்கொள்ளும், குத்தி உடைத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

தோய்த்த அச்சை எண்ணெயில் இறக்கி, வாணலியின் அடியில் படாமல் பிடித்து, பதினைந்து இருபது விநாடி அசைக்காதீர்கள். ஓரம் கெட்டிப்பட்டதும் மெல்ல மேலும் கீழும் ஆட்டினால் தானாகக் கழன்று மிதக்கும். கழலாவிட்டால் ஒரு மெல்லிய கம்பியால் இதழோரத்தைத் தொட்டு விடுங்கள். அச்சை மறுபடி எண்ணெயிலேயே வையுங்கள், அடுத்த முறுக்குக்கு அது சூடாக வேண்டும். மிதப்பதைத் திருப்பிப் போட்டு, நுரை அடங்கும் நேரத்தில் இளம்பொன் நிறத்தில் எடுங்கள். எண்ணெயில் பார்க்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறும்போதுதான் மொறுமொறுப்பு வரும். மொறுமொறுப்பை எண்ணெயிலேயே தேடினால் கருகும்.

மைதா போட்ட கரைசலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் கையில் தெரியும். அரிசி மாவு நிற்காது, பாத்திரத்தின் அடியில் போய் உட்காரும். ஒவ்வொரு முறை தோய்க்கும் முன்னும் அடிவரை ஒரு கலக்கு கலக்குங்கள். மேல் தண்ணியில் தோய்த்தால் இதழ் வலைபோல் ஓட்டையாக வரும், அடிமண்டியில் தோய்த்தால் பணியாரம்போல் தடிக்கும். பாதிக்கு மேல் போனதும் மாவை ஆழமான சின்னக் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். சூடான அச்சு பட்டுப் பட்டுக் கரைசலில் வெந்த துணுக்குகள் மிதக்கும், அவற்றை எடுத்துப் போடுங்கள். அச்சின் அளவைப் பொறுத்து நாற்பது, ஐம்பது முறுக்கு தேறும்.

முட்டை சேர்க்காதவர்களுக்கு

கந்த சஷ்டி ஆறு நாளும் விரதம் இருக்கும் வீடுகள் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. அந்த வீடுகளுக்கு முட்டை இல்லாமல் வேண்டும். மைதா நுழைந்ததே பெரும்பாலும் இந்த வழியாகத்தான் என்று நினைக்கிறேன், முட்டையின் பிடிப்புக்குப் பதில் மைதாவின் பிடிப்பு. அதற்கு வேறு வழி இருக்கிறது. சலித்த மாவில் மூன்று மேசைக்கரண்டி எடுத்து, ஒரு டம்ளர் இரண்டாம் பாலில் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிண்டிக் கூழாக்குங்கள். ஆறியதும் மீதி மாவோடு சேர்த்துப் பிசைந்து, கெட்டிப் பால் விட்டுக் கரையுங்கள். வெந்த மாப்பொருள் பசைபோல் பிடித்துக்கொள்ளும். முட்டை முறுக்கின் லேசு இதில் வராது, கடித்தால் கொஞ்சம் கடினமாக இருக்கும். எனக்கு அதுவும் பிடிக்கும்.

அதே மாவில் பிட்செல்லே

இத்தாலியில் அப்ருட்சோ என்ற மலைப்பகுதிக்காரர்கள், நீண்ட கைப்பிடி உள்ள இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே கரைசலை வைத்து இறுக்கி, நெருப்பில் காட்டி, காகிதம்போல் மெல்லிய பிஸ்கட் சுடுகிறார்கள். தட்டில் பூவோ கட்டமோ செதுக்கியிருக்கும். அதுதான் பிட்செல்லே. எண்ணெய்ச் சட்டி இல்லை, மற்றபடி இதுவும் அச்சுப் பலகாரமே.

தேவாலயத்தில் கொடுக்கும் நற்கருணை அப்பமும் இப்படி இரு தட்டுக்கு நடுவே சுட்டதுதான், ஆனால் அது கோதுமை. மணப்பாட்டிலும் தூத்துக்குடியிலும் சீலியாக் உள்ள பிள்ளைகளின் தாய்மார் முதல் நற்கருணைக்கு முன் கலங்குவார்கள். கத்தோலிக்கத் திருச்சபை, குளூட்டனே இல்லாத அப்பம் செல்லாது, மிகக் குறைந்த குளூட்டன் உள்ள அப்பம் செல்லும் என்று 2017 சுற்றறிக்கையிலும் மறுபடி சொல்லியிருக்கிறது. திராட்சை இரசத்தை மட்டும் பெற்றுக்கொள்ளவும் வழியுண்டு. பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பிட்செல்லே அச்சு இங்கே எளிதில் கிடைக்காது. ஐஸ்கிரீம் கோன் சுடும் மின்சார அச்சு கிடைக்கிறது. தட்டு மெல்லியதாக, கோடு ஆழமில்லாமல் இருப்பதால் அது போதும். ஆழமான குழிகளுள்ள வாஃபிள் அச்சு வேண்டாம், அதில் மெத்தென்ற அப்பம்தான் வரும்.

இதற்கு ஈர மாவை வாணலியில் நிறம் மாறாமல் வறுத்து ஆற வைத்து, 200 கிராம் எடுங்கள். 50 கிராம் ஜவ்வரிசியை மிக்ஸியில் நைசாகப் பொடித்துச் சலித்துச் சேருங்கள். ஜவ்வரிசி மரவள்ளி மாவுதான், அரிசி மட்டும் இருந்தால் பொடிந்துபோகும் ஓரத்துக்கு அது வளைவு தரும். மூன்று முட்டை, 120 கிராம் சீனி அல்லது பாகாக்கி வடிகட்டி ஆற வைத்த கருப்பட்டி, 80 கிராம் உருக்கிய வெண்ணெய். இத்தாலிக்காரர்கள் அனீஸ் விதை போடுவார்கள். நம் பெருஞ்சீரகத்திலும் அனீஸின் அதே வாசனைப் பொருள்தான் இருக்கிறது, ஒரு தேக்கரண்டி இடித்துப் போடுங்கள். கருப்பட்டி சேர்த்தால் பெருஞ்சீரகத்தைவிடச் சுக்கு பொருந்தும், சில்லுக்கருப்பட்டி தின்று வளர்ந்த நாக்குக்கு அந்தச் சேர்க்கையைச் சொல்லித்தர வேண்டாம். முட்டையை இனிப்போடு அடித்து, வெண்ணெய், பிறகு மாவு. அரை மணி நேரம் ஊற விடாமல் சுட்டால் நாக்கில் மணல்போல் நெருடும். கரைசல் இட்லி மாவுபோல் கெட்டியாக இருக்கட்டும், இறுகினால் தேங்காய்ப் பால் தெளியுங்கள்.

அச்சு நன்றாகச் சூடானதும் நடுவில் ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவாக வைத்து மூடி அழுத்துங்கள். ஓரத்தில் ஆவி பீறிட்டு வரும். ஆவி அடங்கினால் வெந்துவிட்டது, ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஆகும். தட்டையாக வேண்டுமென்றால் கம்பி வலையில் போட்டு ஆற வையுங்கள். சுருட்ட வேண்டுமென்றால் விரல் பொறுக்கும் சூட்டிலேயே பூரிக்கட்டையின் கைப்பிடிபோல் ஒரு குச்சியில் சுற்றுங்கள். பூரிக்கட்டையே வேண்டாம், அதில் கோதுமை இருக்கும். பத்து விநாடி தாமதித்தால் உடையும்.

கடலோரத்தில் இவை எல்லாம் சீக்கிரம் நமுத்துப்போகும். முழுக்க ஆறாமல் மூடினாலும் நமுக்கும், ஆறியபின் அரை மணி திறந்து வைத்தாலும் நமுக்கும். கை பொறுக்கும் சூடும் போனவுடன் இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, சின்ன டப்பாக்களாகப் பிரித்து வையுங்கள். பெரிய டப்பா ஒன்றென்றால் நாளைக்குப் பத்து முறை திறபடும். அச்சு முறுக்கு இப்படி இரண்டு வாரம் நிற்கும், பிட்செல்லே ஒரு வாரம். நமுத்துவிட்டால் பிட்செல்லேயை மறுபடி அச்சில் அரை நிமிடம் வைத்து எடுக்கலாம். வெளியூருக்குக் கொடுத்தனுப்பும்போது டப்பா மூடியின் மேல் "கோதுமை பலகாரத்தோடு சேர்த்து வைக்காதீங்க" என்று எழுதி ஒட்டுங்கள். எங்கள் அக்கா அதற்குப் பதிலாகச் சிவப்பு நூலைத்தான் கட்டி அனுப்புகிறாள், எங்கள் சொந்தத்தில் இப்போது எல்லோருக்கும் அது தெரியும்.